‘பேசிக்’ எவ்வளவு? சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பும் முன் படிக்க வேண்டிய காகிதம்

திருவாரூர்ப் பக்கத்திலிருந்தோ சிவகங்கைப் பக்கத்திலிருந்தோ சிங்கப்பூருக்குக் கிளம்பும் ஒரு தம்பியிடம் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். “மாசம் ஆயிரத்து எரநூறு வெள்ளி வருமாம்ணே, ஏஜெண்ட் சொன்னாரு” என்பார். “அதுல பேசிக் எவ்வளவுப்பா?” என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். பெரும்பாலும் பதில் இருக்காது. சிலர் “எல்லாம் சேர்த்துத்தாண்ணே” என்பார்கள்.

அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியாமல் விமானம் ஏறுவதுதான், இங்கே வந்தபின் படும் பல துன்பங்களுக்குத் தொடக்கம். சிங்கப்பூரில் உடலுழைப்பு வேலைக்கு வரும் ஊழியருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு கணிசமானது. ஆனால் அந்தப் பாதுகாப்பு வெள்ளிக் கணக்கில், அதாவது சிங்கப்பூர் டாலரில், எவ்வளவு என்பது, அவர் ஊரில் இருக்கும்போதே ஒரு கடிதத்தில் எழுதப்பட்டுவிடுகிறது. ஓடி என்று எல்லாரும் சொல்லும் மிகுதிநேர ஊதியமும் ஞாயிற்றுக்கிழமைக் கூலியும் அந்தக் கடிதத்தில் உள்ள ஒரே எண்ணிலிருந்துதான், ‘பேசிக்’ எனப்படும் அடிப்படைச் சம்பளத்திலிருந்துதான், பிறக்கின்றன. சாங்கி விமான நிலையத்தில் இறங்கிய பிறகு அந்த எண்ணை உயர்த்திக் கேட்கும் வலு ஊழியரிடம் மிகக் குறைவு.

அந்தக் கடிதத்தின் பெயர் ஐபிஏ. பர்மிட் எனப்படும் வேலை அனுமதிக்கான விண்ணப்பத்துக்குச் சிங்கப்பூர் மனிதவள அமைச்சு கொள்கை அளவில் ஒப்புதல் தந்ததும் வெளியாகும் கடிதம் அது. எந்த நிறுவனம், என்ன வேலை, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு, மாதாமாதம் என்ன பிடித்தம், தங்குமிடம் உண்டா, ஏஜெண்டுக்குக் கட்டணம் எவ்வளவு என்று முதலாளி அமைச்சிடம் சொன்ன விவரங்களெல்லாம் அதில் இருக்கும். ஊழியருக்குப் புரியும் மொழியிலும் அது கிடைக்கும். அவர் கிளம்பும் முன்பே அதை அனுப்பிவைக்க வேண்டியது முதலாளியின் கடமை. நடப்பதோ வேறு. ஏஜெண்ட் வாட்ஸ்அப்பில் முதல் பக்கத்தை மட்டும் படம் பிடித்து அனுப்பி, “பேரும் பாஸ்போர்ட் நம்பரும் சரியா இருக்கான்னு மட்டும் பாரு” என்பார். கடிதத்தின் எல்லாப் பக்கங்களையும் கேட்டு வாங்குங்கள். கடிதம் உண்மையானதா என்பதை மனிதவள அமைச்சின் இணையப்பக்கத்தில் சரிபார்க்கலாம். பணம் கைமாறும் முன் இதைச் செய்துவிட வேண்டும்.

ஒரே 800, இரண்டு கணக்கு

இனிக் கணக்குக்கு வருவோம். கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள், ஏனென்றால் இதை யாரும் ஊரில் சொல்லித் தருவதில்லை.

இரண்டு பேருக்கும் மாதம் 800 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கடிதத்தில் அடிப்படைச் சம்பளமே 800. மற்றவர் கடிதத்தில் அடிப்படை 520, அலவன்ஸ் 280. மாதம் முழுக்க ஓடி இல்லாமல் வேலை பார்த்தால் இருவர் கைக்கும் ஒரே தொகைதான் வரும். அதனால்தான் வித்தியாசம் கண்ணில் படுவதில்லை.

மிகுதிநேர ஊதியத்தைக் கணக்கிட, மாத அடிப்படைச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, ஆண்டின் 52 வாரத்தையும் வாரத்தின் 44 மணி நேரத்தையும் பெருக்கி வரும் 2,288ஆல் வகுக்க வேண்டும். அது ஒரு மணி நேரக் கூலி. அதைப்போல் ஒன்றரை மடங்கு ஓடிக்கு. அடிப்படை 520 உள்ளவருக்கு ஒரு மணி நேர ஓடி 4 வெள்ளி 9 காசு. அடிப்படை 800 உள்ளவருக்கு 6 வெள்ளி 29 காசு. இருவரும் ஒரே மாதத்தில் 60 மணி நேரம் ஓடி பார்த்தால் 520 உள்ளவருக்கு 245 வெள்ளி, 800 உள்ளவருக்கு ஏறக்குறைய 378 வெள்ளி. மாதம் 132 வெள்ளி, வருடத்துக்கு 1,580 வெள்ளிக்கு மேல் வித்தியாசம். ஒரே வெயிலில் ஒரே கம்பியைத்தான் இருவரும் கட்டுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கும் இதே கதைதான். வாரம் 6 நாள் வேலை என்றால், 520 உள்ளவரின் ஒரு நாள் அடிப்படைக் கூலி சரியாக 20 வெள்ளி. 800 உள்ளவருக்கு 30 வெள்ளி 77 காசு. ஓய்வுநாளில் முதலாளி கேட்டுக்கொண்டதால் முழு நாள் வேலை பார்த்தால் இரண்டு நாள் கூலி தர வேண்டும். ஒருவருக்கு 40, இன்னொருவருக்கு 61 சொச்சம். அதே ஞாயிற்றுக்கிழமை ஊழியரே விரும்பிக் கேட்டு வேலை பார்த்ததாகப் பதிவானால் ஒரு நாள் கூலிதான். ஆகவே ‘நீ கேட்டுத்தானே வந்தாய்’ என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கப் பார்த்தால், அந்தக் கையெழுத்தின் விலை ஒரு நாள் கூலி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அலவன்ஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏஜெண்ட் சொல்லும் 1,200 எப்படி வருகிறது என்று அவரையே எழுதிக் காட்டச் சொல்லுங்கள். அடிப்படை இவ்வளவு, அலவன்ஸ் இவ்வளவு, இத்தனை மணி நேர ஓடி என்று பிரித்துச் சொல்ல முடியாதவரின் வாயிலிருந்து வரும் மொத்தத் தொகையை நம்பி நிலத்தை அடகு வைக்க வேண்டாம். கடிதத்தில் உள்ள அடிப்படைச் சம்பளத்தை ஊழியரின் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமலும் அமைச்சுக்குத் தெரிவிக்காமலும் முதலாளி குறைக்கக்கூடாது. வந்து இறங்கிய வாரத்தில் வேறொரு ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்து கேட்பவர்கள் உண்டு. அந்தத் தாளையும் ஐபிஏயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே பேனாவைத் தொடுங்கள்.

வருவதற்கே ஆகும் கடன்

சட்டப்படி ஏஜெண்ட் எவ்வளவு வாங்கலாம்? சிங்கப்பூரில் உரிமம் பெற்ற வேலை முகவர் ஊழியரிடம் ஓர் ஆண்டு வேலைக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் வாங்கலாம். 800 வெள்ளிச் சம்பளத்தில் இரண்டாண்டு பர்மிட்டுக்கு 1,600 வெள்ளி. முதல் 6 மாதத்துக்குள் முதலாளியே வேலையை விட்டு நீக்கினால் அதில் குறைந்தது பாதியைத் திருப்பித் தர வேண்டும். இந்தியப் பக்கத்தில், மத்திய அரசில் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதன் மேல் ஜிஎஸ்டியும். பதிவு பெற்றவர்களின் பட்டியல் மத்திய அரசின் இமைக்ரேட் இணையத்தளத்தில் இருக்கிறது.

ஊரில் கொடுக்கப்படும் தொகை இதைவிடப் பல மடங்கு என்பது எல்லாருக்கும் தெரியும். ஸ்கில் டெஸ்ட் எனும் திறன் தேர்வு அடிக்கப் பயிற்சி நிலையத்துக்கு ஒரு பணம், ஏஜெண்டுக்கு ஒரு பணம், அவருக்குக் கீழே ஊரில் ஆள் பிடித்துத் தருபவருக்கு ஒரு பணம். பெரும்பாலும் ரசீது இருக்காது. இதற்கு ஒரு காரணத்தைக் கவனித்தாக வேண்டும். வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் போகும், பத்தாம் வகுப்பு முடிக்காத இந்தியர்களுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவை. அந்த நாடுகளின் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. அதனால் இங்கே வருபவரின் ஒப்பந்தத்தை இந்திய அதிகாரி ஒருவர் பார்க்கும் கட்டம் இல்லாமலே பயணம் முடிந்துவிடுகிறது. அந்தக் கட்டத்தில் நடந்திருக்க வேண்டிய சோதனையை நீங்களேதான் செய்துகொள்ள வேண்டும்.

நம் முன்னோர் மலாயாத் தோட்டங்களுக்கு, ஆள் சேர்க்கும் கங்காணியின் முன்பணத்தில் வந்தார்கள். கப்பல் கூலியும் முன்பணமும் கடனாகக் கழுத்தில் ஏறின. 1938இல் இந்திய அரசு அந்த வகை ஆள் அனுப்புதலைத் தடுத்தது. இன்று கங்காணி இல்லை, ஆனால் கடனை அடைக்கும் வரை வாயைத் திறக்கக்கூடாது என்ற பயம் அப்படியே இருக்கிறது. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை கூடும் தம்பிகளிடம் பேசினால் முதலாளியைவிட ஊரில் வட்டிக்குக் கொடுத்தவரின் பெயர்தான் அதிகம் வரும். உரிமை பற்றிய எந்த விளக்கமும் இந்தக் கடனை மறந்துவிட்டு எழுதப்பட்டால் பயன்படாது. கடன் சிறியதாக இருந்தால் மூன்றாவது மாதத்திலேயே “ஓடி கணக்கு சரியில்லை” என்று சொல்ல முடியும். கடன் பெரிதென்றால் இரண்டு வருடம் பொறுத்துப் போவார்கள். பொறுத்துப் போவதற்கும் சட்டத்தில் ஒரு விலை உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இங்கே வந்த பிறகு கேட்கப்படும் பணம் இன்னொரு வகை. பர்மிட் புதுப்பிக்கும் நேரத்தில் ஃபோர்மன் வழியாக, “பாஸ் கேட்கிறார், கொடுத்தால்தான் ரினியூவல்” என்று தகவல் வரும். வேலை தருவதற்கோ தொடர்வதற்கோ முதலாளி ஊழியரிடம் பணம் வாங்குவது குற்றம். தண்டனை 30,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். லெவியும் அப்படித்தான். ஊழியர் ஒருவருக்கு முதலாளி அரசுக்குக் கட்டும் மாத வரி அது, ஊழியர் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. மலேசியர் அல்லாத பர்மிட் ஊழியர் ஒவ்வொருவருக்கும் முதலாளி 5,000 வெள்ளிக்குப் பிணை உத்தரவாதம் தருகிறார். அதன் செலவும் அவருடையது. ‘சேவிங்ஸ்’ என்ற பெயரில் மாதம் கொஞ்சம் பிடித்து வைத்து, ஊருக்குப் போகும்போது தருவதாகச் சொல்லும் வழக்கத்துக்கும் சட்டத்தில் இடமில்லை.

பாஸ்போர்ட்டும் பர்மிட் அட்டையும் உங்களிடம்தான் இருக்க வேண்டும். “ஆபீஸ்ல பத்திரமா இருக்கும்” என்று வாங்கி வைத்துக்கொள்ள முதலாளிக்கு உரிமை இல்லை.

வேலை நேரமும் ஒரு சின்ன நோட்டும்

வேலை நியமனச் சட்டம் 1968இல் வந்தது. கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை பார்க்கும் உடலுழைப்பு ஊழியர்களில், மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளிக்கு மிகாதவர்களுக்கு அதன் வேலைநேரப் பகுதி பொருந்தும். நம்மவர்களில் ஏறக்குறைய அனைவரும் அதற்குள் அடங்குவார்கள். பொதுவாக நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 44 மணி நேரம். ஓடியையும் சேர்த்து நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, மாதத்துக்கு ஓடி 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. வாரம் ஒரு நாள் ஓய்வு. ஆண்டுக்குச் சம்பளத்துடன் 11 பொது விடுமுறை. முதல் ஆண்டில் 7 நாள் விடுப்பு. சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் சம்பளம், 14 நாளுக்குள் ஓடிப் பணம் கைக்கு வந்தாக வேண்டும்.

2016 ஏப்ரல் 1 முதல் விவரமான சம்பளச் சீட்டு கட்டாயம். அடிப்படை, அலவன்ஸ், பிடித்தம், எத்தனை மணி நேர ஓடி, அதற்கு எவ்வளவு என்று தனித்தனியாக அதில் இருக்க வேண்டும். வெற்றுத் தொகை ஒன்றை எழுதிக் கையெழுத்து வாங்கும் சீட்டு, சட்டம் சொல்லும் சீட்டில்லை.

வழக்கு என்று வரும்போது பெரும்பாலும் சிக்குவது ஓடி மணிக்கணக்கில்தான். நிறுவனத்தின் நேர அட்டையில் மாலை 5 மணி என்றிருக்கும். ஊழியர் இரவு 9 வரை கான்கிரீட் போட்டிருப்பார். இதை எப்படிக் காட்டுவது? ஒரு சின்ன நோட்டு போதும். தேதி, எந்த சைட், லாரி ஏறிய நேரம், வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், சூப்பர்வைசர் பெயர். அன்றன்று இரவு டாம் எனும் தங்கும் விடுதியில் படுக்கும் முன் இரண்டு வரி எழுதுங்கள். மாத முடிவில் மொத்தமாக எழுதிய நோட்டைவிட, ஒரு நாள் நீல மையிலும் மறுநாள் பென்சிலிலும் எழுதிய நோட்டுக்கு மதிப்பு அதிகம். சைட்டுக்கு வரச்சொல்லி சூப்பர்வைசர் அனுப்பும் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். நேர அட்டையை மாதம் ஒருமுறை படம் எடுத்து ஊரில் இருப்பவருக்கு அனுப்பி வையுங்கள். கைத்தொலைபேசி தொலைந்தாலும் ஆதாரம் தொலையாது.

தங்கும் விடுதிகளில் இருக்கும் பர்மிட் ஊழியர்களுக்கு 2020 முதல் சம்பளம் வங்கிக் கணக்கில்தான் போட வேண்டும். கொவிட் காலத்தில் வந்த மாற்றங்களில் உண்மையாகவே நல்லது செய்த ஒன்று இது. எவ்வளவு வந்தது என்பதற்கு வங்கியே சாட்சி. ஆனால் வங்கி அட்டையையும் ரகசிய எண்ணையும் ஃபோர்மனிடம் கொடுத்துவைத்தால் அந்தச் சாட்சிக்குப் பொருளே இல்லாமல் போகும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பர்மிட்டில் உள்ள முதலாளியிடம், அதில் உள்ள வேலையை மட்டுமே செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை வேறு கடையில் தட்டு கழுவினாலும், வீடு மாற்றுபவருக்குச் சாமான் தூக்கினாலும் சட்டப்படி தவறு. பிடிபட்டால் பர்மிட் போகும், மறுபடி வர முடியாமலும் போகலாம். சுற்றுலா அனுமதியில் வந்து வேலையில் சேர்ந்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை. “டூரிஸ்டுல வா, வந்தப்புறம் மாத்திக்கலாம்” என்று சொல்பவர் அந்தச் சிறைக்கு உங்களோடு வரமாட்டார்.

பொறுத்துப் போவதன் விலை

2017 ஏப்ரலுக்கு முன் சம்பளத் தகராறுகளை மனிதவள அமைச்சே விசாரித்தது. இப்போது முதலில் டாடெம் எனப்படும் முத்தரப்பு அமைப்பில் சமரசப் பேச்சு, அது முறிந்தால் வேலை நியமன உரிமைக்கோரல் நடுவர் மன்றம். இரண்டிலும் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள இடமில்லை. நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கோரலாம், தொழிற்சங்க உதவியோடு சமரசத்துக்குப் போனவர் 30,000 வரை.

ஆனால் காலக்கெடு கடுமையானது. வேலையில் இருக்கும்போது கேட்டால் கடந்த ஓராண்டுக்குள் வர வேண்டியிருந்த சம்பளத்தைத்தான் கேட்க முடியும். வேலையை விட்டிருந்தால், கடைசி நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு கொடுத்தாக வேண்டும். நியாயமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டதாகச் சொல்ல ஒரே ஒரு மாதம்தான். மூன்று ஆண்டு ஓடி குறைத்துக் கொடுக்கப்பட்டவர், கடனெல்லாம் அடைந்த பிறகு துணிந்து வந்தால், முதல் இரண்டு ஆண்டின் பாக்கி கணக்கிலேயே வராது. முன்னே எடுத்துக்காட்டிய 60 மணி நேரக் கணக்கில், ஓடியே தராமல் விட்டிருந்தால், அந்த இரண்டு ஆண்டின் தொகை 520 அடிப்படைக்கே 5,890 வெள்ளி. ஊரில் வாங்கிய கடனில் ஒரு பெரிய பங்கு அது. கடனுக்குப் பயந்து பேசாமல் இருந்தவரிடமிருந்து, அந்தக் கடனை அடைக்கக்கூடிய பணமே நழுவிப் போகிறது. எனக்கு இதில்தான் மிகுந்த வருத்தம். சட்டத்தை மாற்றுவது நம் கையில் இல்லை, இந்தத் தேதிகளைச் சொல்லி வைப்பது நம் கையில் இருக்கிறது. அறையில் கூட இருப்பவர்களிடம் சொல்லுங்கள்.

எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: பெண்டமியர் ரோட்டில் மனிதவள அமைச்சின் சேவை நிலையம் இருக்கிறது. தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசும் முதலாளிகள் சம்மேளனமும் சேர்ந்து 2009இல் தொடங்கிய வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் உதவி எண் 6536 2692, எந்நேரமும் அழைக்கலாம். கட்டுமானத்துக்கு முதன்முறையாக வருபவர்கள் 2018 அக்டோபர் முதல் கட்டாயமாகக் கலந்துகொள்ளும் ஒருநாள் அறிமுக வகுப்பை நடத்துவதும் அந்த நிலையம்தான், தாய்மொழியிலேயே. அதில் தூங்கிவிடாதீர்கள், முந்தின இரவு விமானத்தில் வந்த களைப்பு இருந்தாலும். தன்னார்வ அமைப்புகளில் டிடபிள்யுசி2, ஹோம் இரண்டும் சம்பள, காய வழக்குகளில் நீண்ட அனுபவம் உள்ளவை. வழக்கு முடியும் வரை வருமானமின்றிக் காத்திருப்பவர்களுக்கு டிடபிள்யுசி2 2008 முதல் லிட்டில் இந்தியாவில் இலவச உணவு தந்துவருகிறது. சம்பளமோ நட்ட ஈடோ கேட்டு நிற்கும் காலத்தில் சாப்பாடு எங்கே என்ற கேள்வி எவ்வளவு பெரியது என்பதை அந்த வரிசையைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

அடிபட்டால்

வேலையிடத்தில் அடிபட்டால் யார் தவறு என்பது முதல் கேள்வி இல்லை. வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம், தவறு யாருடையதாக இருந்தாலும், வேலையின்போது வேலை காரணமாக ஏற்பட்ட காயத்துக்கு இழப்பீடு தருகிறது. “நீ பெல்ட் சரியா மாட்டல, அதனால ஒண்ணும் கிடையாது” என்று சூப்பர்வைசர் சொன்னால் அதோடு நம்பிக்கையை விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். டாமில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லச் சொன்னால் சொல்லாதீர்கள். முதல் நாள் மருத்துவக் குறிப்பில் பதிவாவதுதான் கடைசி வரை பேசும்.

எம்.சி. எனும் மருத்துவ விடுப்பு நாட்களுக்குச் சம்பளம் உண்டு. வெளிநோயாளியாக 14 நாள் வரை, மருத்துவமனை விடுப்பு என்றால் 60 நாள் வரை முழுச் சராசரி வருமானம், அதற்குப் பிறகு விபத்து நாளிலிருந்து ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. இங்கே சராசரி என்பது ஓடியும் சேர்ந்த மாத வருமானம். இதற்கும் அந்தச் சம்பளச் சீட்டுகள்தான் ஆதாரம். மருத்துவர் ‘லைட் டியூட்டி’, அதாவது இலகுவான வேலை, என்று எழுதிக் கொடுத்தால், 2020 செப்டம்பர் முதல் அந்த நாட்களுக்கும் சராசரி வருமானக் கணக்கில்தான் தர வேண்டும். முன்பு எம்.சி.க்குப் பதில் லைட் டியூட்டி எழுதி வாங்கும் பழக்கம் முதலாளிகள் சிலரிடம் இருந்தது, அதில் மிச்சம் பிடிக்க இப்போது வழி குறைந்திருக்கிறது. வேலைக்காயத்துக்காக ஒரு நாள் எம்.சி. கொடுத்தாலும் முதலாளி அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும். அவர் தெரிவிக்காவிட்டால் ஊழியரே நேரடியாக, விபத்து நடந்த ஓராண்டுக்குள், கோரிக்கை வைக்கலாம். பர்மிட் ரத்தானாலும் கோரிக்கை ரத்தாவதில்லை.

மற்ற வகை வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இடைநிலைத் திறன் வேலைகளுக்கான எஸ் பாஸுக்கு 2025 செப்டம்பர் முதல் குறைந்தபட்சத் தகுதிச் சம்பளம் 3,300 வெள்ளி, பட்டதாரிகளுக்கான இபி எனும் வேலை அனுமதிக்கு 2025 ஜனவரி முதல் 5,600 வெள்ளி. நிதித்துறையில் இரண்டும் இதைவிட அதிகம், வயது ஏற ஏறவும் கூடும். இந்தியர்களை உணவகச் சமையல்காரர்களாகப் பர்மிட்டில் எடுக்க 2023 முதல் வழி திறந்தது, மாதம் நிலையான சம்பளம் 2,000 வெள்ளிக்குக் குறையக்கூடாது. அதற்குக் குறைவாகச் சொல்லி ஆள் எடுப்பதாக யாராவது வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வீட்டுப் பணிப்பெண்களுக்கு வேலை நியமனச் சட்டம் பொருந்தாது என்பது பெரிய குறை. வேறு விதிகளின்கீழ் வாரம் ஒரு ஓய்வுநாள் உண்டு. 2023 முதல் மாதம் ஒரு ஓய்வுநாளையாவது பணம் கொடுத்து ஈடுகட்டக்கூடாது.

ஆர்1, ஆர்2, 40 நாள்

கட்டுமான ஊழியரிடம் ஒரு பேரம் பேசும் வலு இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. 2024 ஜனவரி முதல் அடிப்படைத் திறன் ஊழியர், அதாவது ஆர்2 ஒருவருக்கு முதலாளி கட்டும் லெவி மாதம் 900 வெள்ளி. உயர்திறன் ஊழியர், ஆர்1 ஆகிவிட்டால் 500 வெள்ளி. நீங்கள் ஆர்1 ஆனால் முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம். கோர்டிரேட், மல்ட்டி ஸ்கில் என்று எந்த வழியில் தகுதி பெற்றாலும், சம்பள உயர்வு கேட்கும்போது இந்த 400 உங்கள் மனத்தில் இருக்கட்டும். 2025 ஜூலை முதல் பர்மிட் ஊழியர் இத்தனை ஆண்டுதான் இங்கே வேலை பார்க்கலாம் என்ற வரம்பும் நீங்கிவிட்டது, வயது வரம்பும் 63 ஆக உயர்ந்தது. அனுபவமுள்ள ஊழியரைத் தக்கவைத்துக்கொள்ள நிறுவனங்களுக்கு இப்போது காரணம் கூடியிருக்கிறது.

இன்னொன்று, பர்மிட் முடியும் காலம். முடிவதற்கு 40 நாள் முன்பிலிருந்து 21 நாள் முன்பு வரை, கட்டுமான ஊழியர் இப்போதைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு முதலாளிக்கு மாறலாம். மற்ற நேரத்தில் சம்மதம் வேண்டும். அந்த ஏறக்குறைய மூன்று வாரத்துக்குள் புதிய நிறுவனம் விண்ணப்பித்திருக்க வேண்டும், ஆகவே தேடலை அதற்கும் முன்பே தொடங்க வேண்டும். பர்மிட் முடியும் தேதியைப் பார்த்து, 40 நாள் பின்னோக்கி எண்ணி, கைத்தொலைபேசி நாட்காட்டியில் இன்றே குறித்துவையுங்கள். மாறும்போது வரும் புதிய ஐபிஏயிலும் அடிப்படைச் சம்பளத்தைத்தான் முதலில் பாருங்கள்.

கடைசியாக, சண்டை முற்றி “உன்னைக் கேன்சல் பண்ணிட்டேன், இன்னிக்கு ராத்திரி ஃபிளைட்” என்று சொல்லி லாரியில் ஏற்றினால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். சம்பள பாக்கியைத் தீர்க்காமல் ஊருக்கு அனுப்பக்கூடாது, பயணச் செலவும் முதலாளியுடையது. விமான நிலையம் வரை கொண்டுவந்துவிட்டாலும் குடிநுழைவு முகப்பில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அங்கே இருக்கும் அதிகாரியிடம் “சம்பளம் பாக்கி, எம்.ஓ.எம். போகணும்” என்று சொன்னால் போதும், எம்.ஓ.எம். என்பது மனிதவள அமைச்சு. சாங்கியில் இப்போது பெரும்பாலோர் தானியங்கிக் கதவு வழியாகவே வெளியேறுகிறார்கள், யாரும் முகம் பார்த்து எதுவும் கேட்பதில்லை. அதனால் அந்தக் கதவுக்குள் போகும் முன் நின்று, சீருடையில் இருக்கும் அதிகாரியைத் தேடிப் போங்கள்.